தன் பங்கு மட்டும்

"மைக்கூட்டத் தட்டிவிட்டது நான் சார். மூடாம வச்சது நான் இல்ல."

அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பேச்சு இதுதான். புதுக்கோட்டையில் ஒரு நில அளவை அலுவலகத்தில் சர்வேயராக நான் வேலைக்குச் சேர்ந்த நாள் அது. காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் ஏதோ உருண்டு விழும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், மூன்று வார உழைப்பில் உருவான ஒரு கிராம வரைபடத்தின் மேல் கறுப்பு மை பரவிக்கொண்டிருந்தது. சூப்பிரண்டு தன் அறையிலிருந்து ஓடி வந்தார். வேறு யாராக இருந்தாலும் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருப்பார்கள், அல்லது ஜன்னல் காற்றைக் குறை சொல்லியிருப்பார்கள். இவர் ஒற்றுத்தாளால் மையை உறிஞ்சியபடியே, மணி கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோல அந்த இரண்டு வாக்கியங்களைச் சொன்னார். இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்த ஒருவரின் தலை மெல்ல ரிஜிஸ்தருக்குள் இறங்கியது.

சூப்பிரண்டுக்குத் தன் கோபம் முழுவதையும் யார்மேல் கொட்டுவது என்று தெரியவில்லை. "அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து மறுபடி வரைங்க," என்றார்.

"கோடு நான் போடுறேன் சார். எழுத்து அவரு எழுதட்டும். சரியா இருக்கும்," என்றார் இவர்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவர் ஆவூர்க்காரர், கிறிஸ்தவர். எங்கள் அலுவலகத்தில் டிராப்ட்ஸ்மேன், அதாவது நாங்கள் வயலில் அளந்து எழுதிக் கொண்டுவரும் அளவுகளை வைத்து வரைபடம் வரைகிறவர். எனக்கும் அவருக்கும் ஒரே வயது, முப்பதுக்குச் சற்றுக் கீழே. ஒல்லியான உடம்பு, விரிந்த காதுகள். அரை பிளேடால் பென்சிலைச் சீவி, முனையைத் தன் நகத்தில் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் காகிதத்தில் வைப்பார். அவரோடு நான் வேலை பார்த்தது நாலே வருஷம். ஆனாலும் முப்பது வருஷத்துக்கு மேல் அரசு வேலையில் கழித்த நான், கூட வேலை பார்த்தவர்களில் ஒருவரைப் பற்றி எழுதச் சொன்னால் இவரைப் பற்றித்தான் எழுதுவேன்.

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. பழைய கணக்குகளும் புதிய அளவுகளும் ஒத்துப்போகாமல் முட்டிக்கொண்ட காலம். கிராமம் கிராமமாகப் போய் அளந்தோம். செயின்மேன் இரும்புச் சங்கிலியை இழுப்பார். நூறு கண்ணிகள் கொண்ட, அறுபத்தாறு அடி நீளச் சங்கிலி. கண்ணியை லிங்க் என்றுதான் சொல்வோம். சர்வேயர் அளவைப் பார்த்துப் புத்தகத்தில் எழுதுவார். டிராப்ட்ஸ்மேன் அதைப் படித்துக் கோடாக்குவார். சூப்பிரண்டு ஒவ்வொரு கிராமத்திலும் சில கோடுகளைத் தானே போய் அளந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். ஆக, ஒரு கோடு வரைபடத்தில் உட்காருவதற்குள் நாலு பேர் கை பட்டுவிடும். கோடு சரியாக இருந்தால் நாலு பேரும் நிமிர்ந்து நடப்போம். தப்பாக இருந்தால் நாலு பேரும் பக்கத்துக் கையைக் காட்டுவோம். அலுவலகம் என்றால் அப்படித்தான் என்று நான் நினைத்திருந்தேன்.

அவர் காட்டமாட்டார். தன் கையைப் பார்ப்பார். தப்பில் தனக்கு எவ்வளவு என்று யோசிப்பார். அந்த அளவை மட்டும் எடுத்துக்கொள்வார். கூடவும் எடுக்கமாட்டார், குறைக்கவும் மாட்டார். தியாகம் செய்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், தப்பித்துக்கொள்கிறவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த மாதிரி அளந்து எடுத்துக்கொள்கிற மனிதரை வேறெங்கும் பார்த்ததில்லை.

"என்ன சார், கோயில்ல பாவசங்கீர்த்தனம் பண்ணிப் பண்ணிப் பழக்கமா?" என்று ஒருமுறை கேலி செய்தேன்.

"அங்க முழுசும் என் பாவம்னுதான் சொல்லணும்," என்றார். "ஆபீஸ்ல அப்படிச் சொன்னா பொய்யாயிடும்."

ஒருநாள் புதுக்குளக் கரையில் நான் சைக்கிளை மிதிக்க, அவர் பின்னால் உட்கார்ந்து வந்தார். திருப்பத்தில் இருவரும் சேர்ந்து பள்ளத்தில் விழுந்தோம். முழங்கை சிராய்ந்து ரத்தம் வந்தது. மரியாதைக்காக, "மன்னிச்சிடுங்க, என் தப்பு," என்றேன். மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டே கொஞ்சம் யோசித்தார். "முக்கால்வாசி உங்க தப்புதான் சார். ஆனா திருப்பத்துல நான் காலை ஆட்டிட்டேன்," என்றார். எனக்குச் சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியவில்லை.

பாராட்டு வந்தாலும் இதே கதைதான். ஒருமுறை திருச்சியிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்து, "யார் வரைந்தது? அச்சடித்த மாதிரி இருக்கிறதே," என்றார். சூப்பிரண்டு பெருமையோடு இவரைக் காட்டினார். "எழுத்து மட்டுந்தான் சார் நான். ஏரிக்கரை வளைவெல்லாம் மூணாவது மேசைக்காரர் போட்டது. எனக்கு அவ்வளவு வராது," என்றார். மூன்றாவது மேசைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. பதினைந்து வருஷமாக அவர் போட்ட கோட்டை யாரும் அவர் பெயரோடு சேர்த்துச் சொன்னதில்லையாம்.

இதனால் எல்லோருக்கும் அவரைப் பிடித்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஒரு மழைக்காலத்தில் ரிக்கார்டு அறை ஒழுகி, கீழ்த்தட்டுக் கட்டுகளைக் கரையான் தின்றுவிட்டது. விஷயத்தை முடித்துவிடலாம் என்று, 'நாங்கள் அனைவரும் வருந்துகிறோம்' என்று ஒரு தாளில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார் சூப்பிரண்டு. நான் உட்பட ஒன்பது பேர் போட்டுவிட்டோம். இவர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"எனக்கு இதுல பங்கு இல்ல சார். கூரை ஒழுகுதுன்னு எழுதிக் குடுத்த காகிதம் ஒண்ணு இருந்துச்சு. அது யாருகிட்டப் போய் நின்னுச்சுன்னு பாருங்க. கூட்டமா மன்னிப்புக் கேட்டா யாருமே கேக்காத மாதிரிதான். அடுத்த மழைக்கும் கரையான் வரும்."

ஒரு மாதம் அவரோடு யாரும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. நானும்தான். அடுத்த மழைக்கும் கரையான் வந்தது.

வீட்டில் இது எப்படி இருந்திருக்கும் என்பதை என் மனைவி மூலம் அறிந்தேன். அவர்களுடைய மூன்று வயது மகள் கையைச் சுட்டுக்கொண்டாள். கொப்புளத்தோடு குழந்தை அலற, அம்மா அழ, இவர் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தபடியே சொன்னாராம்: "அடுப்பைத் தணிக்காம எந்திரிச்சுப் போனது நீ. கதவைத் தெறந்து புள்ளைய உள்ள விட்டது நான்." அந்தம்மா பத்து நாள் அவரோடு பேசவில்லை. "அழுதுக்கிட்டு நிக்கிறப்ப அளந்து சொல்ற மனுசன்கிட்ட எப்படிக்கா குடித்தனம் பண்றது?" என்று என் மனைவியிடம் கேட்டிருக்கிறார்.

நான் அவரிடம் இதைப் பற்றி மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தார். பிறகு, "சொன்னது சரிதான் சார். சொன்ன நேரம் தப்பு. அந்தத் தப்புல அவளுக்குப் பங்கே இல்ல," என்றார். குரல் உடைந்திருந்தது. குழந்தையின் கை ஆறும்வரை தினமும் மத்தியானம் வீட்டுக்குப் போய் மருந்து போட்டுவிட்டு வந்தார்.

நான்காவது வருஷம், மாசி மாதம். ஆலங்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு மனு வந்தது. பொன்னம்மா என்ற பெண் கொடுத்தது. புருஷன் மலேயாவுக்குப் போய் வருஷக்கணக்காகிறது. தனியாக நின்று விவசாயம் பார்க்கிறவள். அவளுடைய நிலத்துக்கும் பக்கத்து நிலத்துக்கும் நடுவில் நட்ட எல்லைக்கல் மழையில் பெயர்ந்து காணாமல் போயிருந்தது. எங்கள் வரைபடத்தில் உள்ள அளவுப்படி வேறு ஆட்கள் வந்து கல்லை மறுபடி நட்டுவிட்டுப் போனார்கள். நட்ட கல் முப்பத்து மூன்றடி தள்ளி விழுந்தது. அவளும் அவள் அண்ணன் தம்பிகளும் பாறையை உடைத்து வெட்டிய கிணறு, பக்கத்து நிலத்துக்குள் போய்விட்டது. அந்த நிலத்துக்காரன் அவளுக்குக் கொழுந்தன் முறை. கல் இருக்கும் இடம்தான் எல்லை என்று சொல்லி, கிணற்றைச் சுற்றி முள் வெட்டிப் போட்டுவிட்டான். மிளகாய்ச் செடி பூவெடுத்த நேரம். தண்ணீர் இல்லை. அவளுடைய தம்பிகள் அரிவாளோடு வந்து நிற்க, ஊர்க்காரர்கள் பிடித்து விலக்கியிருக்கிறார்கள்.

அந்த நிலத்தை அளந்தவன் நான். வரைந்தவர் அவர். செயின் இழுத்தவர் முத்துக்கருப்பன். கந்தர்வக்கோட்டைக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும், தினக்கூலி ஆள். சூப்பிரண்டு ஒரு வார்த்தை சொன்னால் வேலை போய்விடும்.

சூப்பிரண்டு என்னைக் கூப்பிட்டார். "மேலேருந்து கேட்டுட்டாங்க. ஒரு வாரத்துல பதில் போகணும். செயின்மேன் சங்கிலிய இழுத்துப் பிடிக்கல, தொய்வா விட்டுட்டான், அதான் அளவு பிசகிப்போச்சுன்னு எழுதிக் குடுங்க. அவனை அனுப்பிட்டா விஷயம் முடிஞ்சுது."

எனக்கு வேலை நிரந்தரமாகும் உத்தரவு அந்த மாதந்தான் வரவேண்டியிருந்தது. வீட்டில் இரண்டு பிள்ளைகள். இவையெல்லாம் காரணங்கள் இல்லை என்று இப்போது தெரிகிறது. அன்று எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்து அன்றைக்கு ரொம்ப அழகாக இருந்தது. தாளை மேசைமேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். டிராப்ட்ஸ்மேனும் அதில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது ஏற்பாடு.

மறுநாள் காலை அவர் என் மேசைக்கு வந்தார். கையில் நான் எழுதிய அளவுப் புத்தகம். ரிக்கார்டு அறைத் தூசி சட்டையெல்லாம் ஒட்டியிருந்தது. ஒரு பக்கத்தை விரித்து, பென்சில் முனையால் ஓர் எண்ணைத் தொட்டார்.

"இது எட்டா, மூணா சார்?"

பார்த்தேன். வெயிலில் எழுதும்போது வியர்வை விழுந்து எண் கலங்கியிருந்தது. அதன் மேலேயே நான் அழுத்தி எழுதியிருந்தேன். அப்படி எழுதக் கூடாது. பழையதை அடித்துவிட்டுப் பக்கத்தில் புதிதாக எழுதி, சுருக்கக் கையெழுத்து வைக்க வேண்டும். அதுதான் விதி.

"தெரியல," என்றேன்.

"உங்க எழுத்துதான்."

"ரெண்டு வருஷம் ஆச்சே."

"கிணறு எந்தப் பக்கம் இருந்துச்சு? அது ஞாபகம் இருக்குமே. அங்கதான தண்ணி குடிச்சிருப்பீங்க."

ஞாபகம் இருந்தது. பொன்னம்மாதான் இறைத்துக் கொடுத்தாள். கல்லுக்கு இந்தப் பக்கம், அவள் நிலத்தில் நின்றுதான் குடித்தேன்.

"அப்ப எட்டு," என்றார். "நானூத்தி எம்பது லிங்க். நான் நானூத்தி முப்பதுன்னு படிச்சு வரைஞ்சிருக்கேன். அம்பது லிங்க்கு முப்பத்து மூணடி. சரியா வருது." புத்தகத்தை மூடினார். "படிக்கிறப்பவே எனக்குச் சந்தேகம் வந்துச்சு. உங்களுக்கு ஒரு சீட்டு எழுதிக் கேட்டிருக்கணும். அன்னைக்கு எங்க ஊர் மாதா கோயில்ல தேரு. மத்தியான பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். கேக்காமப் போட்டுட்டேன். அது நான்."

நான் அக்கம்பக்கம் பார்த்தேன். "இப்ப என்ன பண்ணச் சொல்றீங்க?"

"என்னோடத நான் எழுதிக் குடுக்கப் போறேன். உங்களோடத நான் எழுத மாட்டேன்."

"நீங்க எழுதுனா என்னோடது தானா வெளிய வந்துரும்ல?"

"வராது சார். சந்தேகம் வந்தும் கேக்காம வரைஞ்சேன்னுதான் எழுதுவேன். சந்தேகம் ஏன் வந்துச்சுங்கறது உங்க பாடு. எழுதுறதும் எழுதாததும் உங்க இஷ்டம்." நாலடி போனவர் திரும்பி வந்தார். "ஆனா அந்தத் தாள்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன். அதுல எழுதியிருக்கறது நடக்கல."

கோபித்திருந்தால் நானும் கோபித்திருப்பேன். மிரட்டியிருந்தால் மறுத்திருப்பேன். என் பங்கை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

பதினோரு மணிக்கு சூப்பிரண்டு எல்லோரையும் முற்றத்துக்கு வரச் சொன்னார். இவர்தான் கேட்டுக்கொண்டார் என்று பிறகு தெரிந்தது. செயின் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக முற்றத்தில் அறுபத்தாறு அடி இடைவெளியில் இரண்டு கற்கள் பதித்திருக்கும். முத்துக்கருப்பனின் செயினை அவற்றுக்கு நடுவில் போட்டு, ஒரு முனையை முத்துக்கருப்பனே பிடிக்க, மறுமுனையை இவரே குந்திப் பிடித்தார்.

"செயின் நீண்டிருக்கு சார். அரை லிங்க் கூட இல்ல. அஞ்சு செயினுக்கும் சேர்த்து ரெண்டு லிங்க் வித்தியாசம் வரலாம்," என்றார். "அதையும் தினமும் காலையில பாத்துச் சரி பண்ண வேண்டியது செயின்மேன் இல்ல. இன்னொண்ணு. சங்கிலியத் தொய்வாப் பிடிச்சா அளவு கூடும். வரைபடத்துல குறைஞ்சிருக்கு. இதுல முத்துக்கருப்பன் ஒண்ணுமே பண்ணல."

"அப்ப யாரு பண்ணது?" சூப்பிரண்டின் முகம் சிவந்துவிட்டது.

"நான் படிச்சதுல ஒரு தப்பு இருக்கு," என்று சொல்லி, எழுதி வைத்திருந்த தாளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். என் பக்கம் பார்க்கவே இல்லை.

முத்துக்கருப்பன் செயின் முனையைக் கையில் பிடித்தபடி அப்படியே குந்தியிருந்தார். அவரும் என்னைப் பார்க்கவில்லை. முற்றத்து வெயிலில் பத்துப் பன்னிரண்டு பேர்.

"எட்டு, சார்," என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "எட்டுன்னு இருந்துச்சு. நான் மேல எழுதி மூணு மாதிரி ஆக்கிட்டேன். அடிச்சு எழுதல. நேத்து நான் குடுத்த பேப்பர் தப்பு."

சூப்பிரண்டு தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "ரெண்டு பேரும் இப்படிச் சொன்னா நான் மேலே என்னத்தைச் சொல்றது?"

"நடந்ததைச் சொல்லுங்க சார்," என்றார் இவர். கொஞ்சம் தயங்கிவிட்டு, "அந்தக் கோட்டைப் போய் அளந்து பாத்ததா உங்க கையெழுத்தும் இருக்கு சார்."

"என்னைக் கேள்வி கேக்கறீரா?"

"இல்ல சார். உங்களோடத நான் எழுதல. இருக்குன்னு மட்டும் சொன்னேன்."

சூப்பிரண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று மாலை மேலே போன பதிலில் என் பெயரும் இவர் பெயரும் இருந்தன. முத்துக்கருப்பன் பெயர் இல்லை. சூப்பிரண்டின் பெயரும் இல்லை. என் நிரந்தர உத்தரவு ஒரு வருஷம் தள்ளிப்போனது. இவருக்கு ஒரு மெமோ கொடுத்து, ஆறு மாதத்தில் தூரத்து ஜில்லா ஒன்றுக்கு மாற்றிவிட்டார்கள். மாற்றல் உத்தரவைப் படித்துவிட்டு, "எனக்கு மெமோ குடுத்தது சரி. மாத்தினது அதிகம்," என்றார். அவ்வளவுதான்.

பதில் போன மறுநாளே கல்லைச் சரியான இடத்தில் நட எல்லோரும் கிராமத்துக்குப் போனோம். நாங்கள் இருவரும் முத்துக்கருப்பனும் ஆலங்குடி வரை பஸ்ஸில், அங்கிருந்து முந்திரித் தோப்புகள் வழியாக நடை. சூப்பிரண்டு ஜீப்பில் வந்தார். அளந்து முடித்து, பழைய இடத்தில் கல்லை நட்டபோது ஊரே கூடியிருந்தது. கொழுந்தன்காரன் முணுமுணுத்துக்கொண்டே முள்ளை இழுத்து அப்புறப்படுத்தினான்.

பொன்னம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "யாருங்க பண்ணது இந்தக் காரியத்தை?"

"ரெண்டு பேரும்மா," என்றார் இவர். "இவரு எழுதுனதுல ஒரு பிசகு. நான் படிச்சதுல ஒரு பிசகு."

"மூணு பேரு," என்று பின்னாலிருந்து ஒரு குரல். சூப்பிரண்டு. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "நான் ஒரு தடவை வந்து அளந்து பாத்திருக்கணும்மா. பாக்காமலே கையெழுத்துப் போட்டுட்டேன்."

நாங்கள் இருவரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். மேலே போன காகிதத்தில் எழுத முடியாததை அந்த மனிதர் செம்மண்ணில் நின்று சொல்லிவிட்டார்.

பொன்னம்மாவுக்கு அதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. "ரெண்டு பேருன்னா என்ன, மூணு பேருன்னா என்ன? அத வச்சு நான் என்னங்க பண்ண? இங்கிட்டு வாங்க," என்று சொல்லி எங்களை மிளகாய்த் தோட்டத்துக்குள் அழைத்துப்போனாள். பதினெட்டு நாள் தண்ணீர் காணாத தோட்டம். வரிசை வரிசையாக நடக்க வைத்தாள். இலைகள் சுருண்டு தொங்கின. பூ உதிர்ந்து மண்ணோடு கிடந்தது. ஒரு செடியைத் தொட்டால் கையோடு வந்தது. "இது போச்சு. இதுவும் போச்சு. இந்தா, இதுல இன்னும் கொஞ்சம் உசுரு இருக்கு," என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

எப்போதும் அளந்து சொல்லும் மனிதரிடம் அன்று சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு வரிசையின் முடிவில் நின்று வாடிய செடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டையைக் கழற்றி வரப்பில் போட்டார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

"மாடு இருக்காம்மா?"

"இருக்கு. கமலை ஓட்டத்தான் ஆளில்ல. தம்பிகளெல்லாம் போலீஸ் டேசனுக்குப் போயிருக்காங்க, அன்னைக்கு அருவாளைத் தூக்குனதுக்கு."

முத்துக்கருப்பனுக்குக் கமலை ஓட்டத் தெரியும். அவர் மாட்டைப் பூட்டினார். தோல்சால் கிணற்றுக்குள் இறங்கித் தண்ணீரோடு ஏறி வந்தது. வாய்க்காலில் தண்ணீர் ஓட, நானும் இவரும் மண்வெட்டியோடு மடை திறந்து விட்டோம். எங்கள் இருவருக்கும் அந்த வேலை சரியாக வரவில்லை. "அங்கிட்டு இல்ல, இங்கிட்டு! அதை அடைங்க மொதல்ல!" என்று பொன்னம்மா வரப்பில் நின்று சத்தம் போட்டாள். உசுரு இருந்த செடிகளுக்கு மட்டும் விட்டோம். சாயங்காலம்வரை ஆனது. கிளம்பும்போது ஒரு சொம்பு நீர்மோர் கொடுத்தாள். மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டைக்குப் பஸ் பாதி காலியாக வந்தது. இவர் முன் சீட்டில் போய் உட்கார்ந்தார். நான் பின்னால் முத்துக்கருப்பன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரோடு அத்தனை வருஷம் வெயிலில் அலைந்திருக்கிறேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தது அன்றுதான்.

"உங்களப் பத்தி நான் ஒரு பேப்பர் எழுதினேன்," என்றேன். அதுவரை அவரை நான் 'நீங்க' என்று சொன்னதும் இல்லை. "நீங்க சங்கிலிய ஒழுங்காப் பிடிக்கலன்னு எழுதினேன். வேலை போயிருக்கும்."

"தெரியும் சார்."

நான் முன் சீட்டைப் பார்த்தேன். "அவரு சொன்னாரா?"

"அவரு ஒண்ணும் சொல்லல. காலையில மொத ஆளா வந்து மேசையத் தொடைக்கிறவன் நான்தானே. எழுத்துக் கூட்டிப் படிப்பேன் சார், தெரியாதா ஒங்களுக்கு?" செயினைக் காலடியில் சரியாக வைத்துக்கொண்டார். "படிச்சுட்டு ஒங்ககிட்ட வரலாமான்னு பாத்தேன். வரல. சூப்பிரண்டுகிட்டப் போகலாமான்னு பாத்தேன். போகல. நேரா இவருகிட்டப் போனேன். இந்தத் தப்புல நெசமாவே நான் எம்புட்டு இருக்கேன், பாத்துச் சொல்லுங்க, இருந்தா நானே வேலைய விட்டுப் போயிடுறேன்னு சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"'பாத்துச் சொல்றேன்'னாரு. ரிக்கார்டு ரூம் சாவிய வாங்கிக்கிட்டு உள்ள போனாரு. ரெண்டு மணி நேரம் கழிச்சு வெளிய வந்தாரு. 'நீங்க ஒண்ணுமே இல்ல, முத்துக்கருப்பன். நான் இருக்கேன்'னாரு."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. முன் சீட்டில் அவர் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு கணுக்காலிலும் மிளகாய்த் தோட்டத்துச் சேறு காய்ந்து வெடித்திருந்தது.